நீ எழுதிய தாளை நான்தான் வாசித்தேன்

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. தபால்காரர் பிள்ளைக் காம்பராவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஒரு கையால் உறையைப் பிரித்தேன். வழவழப்பான தாள், தங்க எழுத்து. உன் பெயர், பெண்ணின் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர். இத்தனைக்கும் மேலே, நம் எல்லாருடைய பெயரையும்விடப் பெரிய எழுத்தில், "தலைமை" என்று போட்டு அந்த மனிதரின் பெயர். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. தொட்டிலும் நின்றது, பிள்ளை அழத் தொடங்கியது. பத்திரிகையை மடித்து அலுமாரிக்குள் போட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இந்த ஆளுகிட்டத்தான் ஆசீர்வாதம் வாங்கணுமா?" என்று கேட்டார்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். "அம்மா, அது அப்படியில்லம்மா" என்று தொடங்குவாய். நீ தொடங்கினால் எனக்கு எப்போதும் தோல்விதான். எழுதினால் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை வாசித்தே ஆகவேண்டும். இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு, மற்றது நம் பாடசாலை ஆசிரியர்கள் நடத்தும் சஞ்சிகைக்கு. உன் பெயரோ என் பெயரோ இதில் இல்லை. இதில் வரும் ராக்காயி என்பதும் நான் வைத்த பெயர்தான். நீ பெரியம்மா என்று கூப்பிடுபவள் என்றால் யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நம் லயத்துக்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். உன் வேலையைப் பார்க்கும் பிள்ளைகள் இப்போது அக்கரப்பத்தனையிலும் இருக்கிறார்கள், வலப்பனையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமாரும் இதை வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நம் வீட்டில் ஒரு ஓட்டுத்தான் இருந்தது. உன் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, காலத்தோடு இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். என் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். கடவுச்சீட்டும் வந்தது, கப்பலுக்குப் போகும் நாள்தான் வரவில்லை. கப்பலே நின்றுபோனது. பொகவந்தலாவையில் பிறந்து, பொகவந்தலாவையிலேயே கொழுந்து பறித்து, நான் பார்த்தேயிராத ஒரு நாட்டுக்காரியாகக் காகிதத்தில் இருந்தேன். தேர்தல் வந்தால் உன் அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போவார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடப்பேன், பாடசாலைக் கேட்டோடு நின்றுகொள்வேன். கேட்டுக்கு வெளியே என்னைப் போல இன்னும் எத்தனையோ பெண்கள் நிற்போம். எல்லாரும் இந்திய பாஸ்போர்ட்காரிகள். உள்ளே போய் வந்த அப்பா உன்னிடம் சின்ன விரலில் இருந்த மையைக் காட்டுவார். நீ அதை எச்சில் தொட்டு அழிக்கப் பார்ப்பாய். "எனக்கும் மை வேணும்" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுவாய். நான் என்ன சொல்வேன்?

நீ வாசிக்கத் தொடங்கிய தொண்ணூறுகளில் தேர்தல் என்றால் ஜீப் வரும். மேலே ஒலிபெருக்கி கட்டியிருக்கும், பாட்டுப் போடும், கோயிலடியில் வந்து நிற்கும். சொன்னதில் பாதி பொய் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பொய் முகத்தோடு வந்தது. செருப்பில் சேறு ஒட்டிக்கொள்ள நம் லயத்து வாசலில் நின்றுதான் அதைச் சொல்லவேண்டியிருந்தது. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் தருகிறேன் என்று ஒருவர் சொன்னபோது, வாளியோடு நின்ற ஒருத்தி, "போன தேர்தலுக்குக் குடுத்த கொழாய்ல இன்னும் தண்ணி வரலங்க, அதுக்கு மொதல்ல ஒரு வழி பண்ணுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துபோனது. ஓட்டில்லாத எங்களுக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது, கேட்கிற உரிமை இருந்தது. நோட்டீஸ் வந்தால் உன் அப்பா முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். எந்த அச்சகம், எந்த ஊர் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். "யாரு அடிச்சதுன்னு தெரிஞ்சுகிட்டு அப்புறம் படி" என்பார். அப்போது உன் கையிலும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அதையாவது கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா நீ?

நீ ஏ.எல். பரீட்சை முடித்துக் கம்பியூட்டர் படிக்க ஹட்டனுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நெட் பார்க்கும் கொமியூனிகேஷன் கடை, உள்ளே பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் என்னை உட்காரவைத்து நம் ஊர்ப் பெயரை அடித்துக் காட்டினாய். மெதுமெதுவாக, மேலிருந்து கீழாக, ஒரு படம் வந்தது. தேயிலை மலை, ஒரு பெண், முதுகில் கூடை, வாயெல்லாம் பல்.

"யாருடா இது?" என்றேன்.

"தெரியலம்மா. யாரோ."

"யாருன்னு எழுதலியா?"

"இல்லம்மா. அதுக்குத்தான் நம்ம ஆளுங்க இதுக்குள்ள வரணும். இனிமே நம்ம கஷ்டத்த நாமளே ஒலகத்துக்குச் சொல்லலாம். கங்காணி, தலைவர், பத்திரிகைக்காரன், யாரும் நடுவுல நிக்க முடியாது. லயத்துல இருந்துகிட்டே ஜனாதிபதிய நேரா கேள்வி கேக்கலாம்."

நீ சொன்னதை நான் நம்பினேன். திரும்பி வரும்போது பஸ் நெடுகிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளை கையில் ஒரு பெரிய கதவின் சாவி இருக்கிறது, அதை நமக்காகத் திறப்பான் என்று நினைத்தேன். உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் அந்த பஸ் பயணம்தான். நீ முதலிலிருந்தே உதவாக்கரையாக இருந்திருந்தால் நான் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இந்திய பாஸ்போர்ட்காரருக்கும் பிரஜாவுரிமை என்றார்கள். பாடசாலையில் மேசை போட்டு எழுதினார்கள். நானும் ராக்காயி அக்காவும் ஒரே நாளில் வரிசையில் நின்றோம். பக்கத்துக் காம்பராக்காரி, உன்னைத் தூக்கி வளர்த்தவள். நான் மலைக்குப் போய்வந்து அடுப்போடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் நீ அவள் மடியில்தான் கிடப்பாய். பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் அவள் அதைச் சேலை முந்தானையால் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை. "தங்கச்சி, இனிமே என்னைய யாரும் ஏத்திவிட முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பது உனக்குத் தெரியும். அவள் கூடப்பிறந்த அக்கா குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிய கதையை நீ அவள் மடியில் இருந்துதான் கேட்டாய். ஹட்டன் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நின்ற சனம், கோச்சி நகர்ந்தபோது எழுந்த அழுகை, ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டே ஓடி, மேடை முடிகிற இடத்தில் கையை விட்டது. அக்காவின் முகத்தை அதற்குப் பிறகு அவள் பார்க்கவேயில்லை. இன்றைக்கும் ஹட்டனுக்குப் போனால் ஸ்டேஷன் பக்கம் திரும்பமாட்டாள். இதெல்லாம் கொழும்பில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்.

நீ கொழும்புக்குப் போனாய். விளம்பரக் கம்பனியில் வேலை என்றாய், ஏதோ அரசியல்வாதிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறோம் என்றாய். சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்தத் தேர்தல் வந்தது. நாங்கள் பத்திரம் வாங்கியபின் வந்த முதல் தேர்தல். வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்தபோது ராக்காயி அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். இதுதான் உங்க பேரு என்று காட்டினேன். மறுபடி காட்டச் சொன்னாள். ஓட்டுப் போடப் போகும்போது கட்டுவதற்கென்று தீபாவளிச் சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்தாள். லயத்தில் பெண்கள் எல்லாம் சேர்ந்து போவோம் என்று பேசிக்கொண்டோம். யாருக்குப் போடுவது என்றுகூட வாய்விட்டே பேசினோம். ஜீப்பில் வந்தவர்களை மாறிமாறிக் கேள்வி கேட்டோம். அந்த நாட்களில் நான் நடந்த நடையே வேறு.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் தாள் வந்தது. பொகவந்தலாவை டவுனில் நெட் கடையில் அச்செடுத்தது, அதிலிருந்து போட்டோ கொப்பி, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி. எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்த தாய்மாரும், தேத்தண்ணி குடிக்க ஒதுங்கிய ராக்காயி அக்காவும் அதைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுவந்தார்கள். "நெட்ல வந்திருக்காம், வாசிங்க" என்றார்கள். நோட்டீஸ் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நெட்டில் வந்தது என்றால் அது ஏதோ வானத்திலிருந்து இறங்கியது மாதிரி. நம் லயத்தில் ஒரு கம்பியூட்டர்கூட இல்லை. நெட் எங்களுக்குப் போட்டோ கொப்பியாகத்தான் வரும். எழுதியவனைக் காட்டாது, திருப்பிக் கேட்கவும் விடாது.

நான் எட்டாம் வகுப்பு படித்தவள், வாசிப்பது என் வேலை. உரத்து வாசித்தேன். "பிரஜாவுரிமை பெற்ற தாய்மாரே, சற்று நில்லுங்கள்" என்று தொடங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களின் பத்திரங்கள் வாக்களிப்பு நிலையத்தில் வைத்துச் சோதிக்கப்படும் என்று தெரியவருகிறதாம். பெயரிலோ வயதிலோ பிழை உள்ளவர்களின் பத்திரம் அங்கேயே பறிக்கப்படுமா? மீண்டும் ஒருமுறை ஹட்டன் ஸ்டேஷனில் நம் சனம் மூட்டை முடிச்சோடு நிற்குமா?

அந்த வரியை வாசித்தபோது ராக்காயி அக்காவின் கையிலிருந்த தேத்தண்ணி கவிழ்ந்தது. நம் ஆட்களில் பெயர் பிழையில்லாமல் பத்திரம் வைத்திருப்பவர் யார்? அவள் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி, பத்திரத்தில் வேறொரு மாதிரி. எழுதியவர்கள் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. எனக்கும் வயதில் பிழை இருந்தது. "தங்கச்சி, என் பேரு தப்பாத்தானே இருக்கு? அப்ப என்னைய ஏத்திருவாங்களா?" என்றாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "இருங்க, என் மகன் கொழும்புல இதே வேலைதான் பாக்குறான். அவன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

கேட்டேன். அவர்கள் முன்னாலேயே போன் எடுத்துக் கேட்டேன். தாளை முழுக்க உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ கடைசிவரை கேட்டாய். பிறகு சொன்னாய், "தெரியலம்மா. நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு. எதுக்கும் இந்தத் தடவ நீங்க போகாம இருங்க. வீணா எதுக்கு வம்பு?"

நீ சொன்னதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

உன் அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எத்தன தடவ போட்டிருக்கேன், ஒருத்தனும் பத்திரத்தக் கேக்கல. இது எவனோ கட்டிவிட்ட கதை. நீ பாட்டுக்கு வா" என்றார். "உங்க பத்திரம் வேற, எங்க பத்திரம் வேற. பெத்த பிள்ளையே போகாதன்னு சொல்றான், அவனவிட உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். தேர்தலன்று அவர் தனியாகப் போனார். லயத்துப் பெண்கள் எல்லாரும் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். முன்பாவது பாடசாலைக் கேட் வரைக்கும் போவோம். அன்று அதுகூட இல்லை. தோட்டத்தின் கீழ் டிவிஷன் பெண்கள் கையில் அந்தத் தாள் கிடைக்கவில்லை. அவர்கள் கூட்டமாகப் போய், கூட்டமாகச் சிரித்துக்கொண்டு, மை விரலோடு நம் வாசல் வழியாகத் திரும்பினார்கள். "ஏன், நீங்க யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். எவருடைய பத்திரத்தையும் எவரும் பறிக்கவில்லை. ராக்காயி அக்கா உடனே தன் கதவைச் சாத்திக்கொண்டாள். அது வெட்கமா பயமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அதுவரை நடந்ததற்கு முகம் தெரியாத எவனையோ திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடத் தீபாவளிக்கு நீ உன் சிங்களக் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நல்ல பையன், என்னை "அம்மே" என்று கூப்பிட்டான், இடியாப்பத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே நீ அவனிடம் சிங்களத்தில் பெருமையடித்தாய். ஒரு நோட்டீஸ் அடிக்கவில்லை, ஒரு சுவரில் ஒட்டவில்லை, இந்த மலை முழுக்க மற்றக் கட்சிக்குப் போகவிருந்த ஓட்டை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தோம், அந்த யோசனை என்னுடையதுதான், அதனால்தான் எனக்குப் பதவி உயர்வு என்றாய். மருந்துக்கும் அரிசிக்கும் டவுனில் சிங்களம் பேசியே காலம் தள்ளியவள் நான். எனக்குப் புரியாது என்று நினைத்தாயா, இல்லை, புரிந்தாலும் பெருமைப்படுவேன் என்று நினைத்தாயா?

குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தாள எழுதுனது யாரு?" என்றேன்.

"நாந்தாம்மா" என்றாய். "அது வேலைம்மா. நாங்க ஒரு எடத்துல போட்டோம், கொஞ்சப் பேருக்கு மெயில் அனுப்பினோம். கொப்பி எடுத்தது, கைக்குக் கை குடுத்தது எல்லாம் சனங்களே செஞ்சதுதான். அதோட நாங்க எதையும் உறுதியாச் சொல்லலியே. நல்லாப் பாருங்க, எல்லாத்துலயும் கேள்விக்குறி போட்டிருக்கு. பறிக்கப்படுமான்னுதான் கேட்டிருக்கோம்."

உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா ஒனக்குப் போன் பண்ணி வாசிச்சுக் காட்டுனப்ப, அது நீ எழுதுனதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

நீ தலையைக் குனிந்தாய். "தெரியும்" என்றாய்.

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். உன் கூட்டாளிக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் அவனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நான் அன்று எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்று வாயில் வராமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கேள்விக்குறி போட்டாயாம். பயந்து கிடப்பவளிடம் போய் உன் வீடு எரியுமா என்று கேட்டால், அவள் வீடு எரிகிறது என்றுதான் ஓடுவாள். அது தெரிந்துதானே கேட்டாய்? உன் கம்பனிக்காரன் அந்தத் தாளை எழுதியிருந்தால் வரி, விலை, தார் ரோடு என்று ஏதாவது எழுதியிருப்பான். நாங்கள் வாசித்துவிட்டு அடுப்பு மூட்டியிருப்போம். ஹட்டன் ஸ்டேஷன் என்று எழுத அவனுக்குத் தெரியாது. எந்த இடத்தில் தொட்டால் இவர்கள் நடுங்குவார்கள் என்று தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி அழுத அழுகையை எடுத்து, அவள் மேலேயே எறிந்தாய். அதற்குப் பெயர் யோசனை, அதற்குப் பதவி உயர்வு. சனங்களே செய்தார்கள் என்று சொல்கிறாயே, அந்தச் சனம் யார்? நான்தான். உன் எழுத்துக்கு என் குரலைக் கொடுத்தேன், உன் பெயரைச் சொல்லிச் சாட்சியும் சொன்னேன். நடுவில் யாரும் நிற்க முடியாது என்றாயே, நடுவில் என்னைத்தானே நிறுத்தினாய்?

கம்பியூட்டரைக் குற்றம் சொல்லும் பழங்காலத்து மனுஷி என்று என்னை ஒதுக்கிவிடாதே. போன மாதம் கூலி உயர்வு பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பாடசாலை டீச்சர் நெட்டில் பார்த்துத்தான் எங்களுக்குச் சொன்னார். சங்கத் தலைவர் ஒன்று சொல்ல, தோட்டக் கம்பனி வேறொன்று சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், போய்க் கேட்டோம். அதே பெட்டி, அதே கம்பிதான். டீச்சர் யாரிடமிருந்து வந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னார், சந்தேகமானால் சந்தேகம் என்றார். உன்னால் அது முடியாதா? படித்தவனுக்கு அது கஷ்டமா?

இந்த வருடம் மறுபடி தேர்தல் வந்தது, உனக்குத் தெரியும். இந்தத் தடவை தாள் வரவில்லை, நேராகப் போனுக்கே செய்தி வந்தது. யார் எழுதியது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. பெண்கள் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து போனை நீட்டினார்கள். "வாசிக்க மாட்டேன்" என்றேன். "போன தடவ வந்தது பொய். எழுதுனவன் பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினான். எனக்கு நல்லாத் தெரியும். நாளைக்கு நான் போறேன், வர்றவங்க வாங்க." எழுதியவன் யார் என்று ஒருத்தி கேட்டாள். நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியது நீ.

போனோம். பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றோம். உள்ளே அதிகாரி என் பெயரை உரத்து வாசித்தார். தோட்டத்தில் என்னை நம்பரால் கூப்பிட்டிருக்கிறார்கள், பிள்ளைக் காம்பரா ஆயம்மா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு அரசாங்க மண்டபத்தில் என் முழுப் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விரலில் மை வைத்தார்கள், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று ஓட்டுச் சீட்டில் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இந்தச் சின்னத் துண்டுத் தாளுக்காகவா என் அப்பாவையும் என்னையும் இத்தனை காலம் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்? கேட் திறந்தபிறகும் என்னை வீட்டுக்குள் பூட்டியது நான் பெற்ற பிள்ளையா?

ராக்காயி அக்கா வரவில்லை. அவள் வீட்டு வாசல் இஸ்தோப்பில் நின்று எவ்வளவோ கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க தங்கச்சி, எனக்கு அது வேணாம்" என்றாள். பத்திரத்தை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். கிராம சேவகர் கேட்டால்கூடக் காட்டுவதில்லை. அரசாங்க உதவி தரும் சமுர்த்திக் கூட்டத்துக்குப் போவதில்லை, கையெழுத்து என்று யார் வந்தாலும் உடம்பு சரியில்லை என்கிறாள். முப்பது வயதுக்காரி பயந்தால் பயம் தெளிய நேரம் இருக்கிறது. அவளுக்கு என்ன நேரம் இருக்கிறது? அந்தத் தேர்தல் முடிந்தது, பத்திரிகையில் தலைமை என்று போட்டிருக்கிறாயே, அந்த உன் சார் வென்றார், உன் கம்பனி அந்த வேலையை முடித்துக்கொண்டு சவர்க்கார விளம்பரத்துக்குப் போய்விட்டது. நீ எழுதிய வரி மட்டும் இன்னும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறது.

பத்திரிகை வந்த மறுநாள் நீ போனில் சொன்னாய், "வேன் அனுப்புறேன்மா. லயத்துப் பொம்பளைங்க எல்லாரையும் ஏத்திட்டு வாங்க, பெரியம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. சாரோட எல்லாரையும் நிக்கவச்சு ஒரு போட்டோ எடுத்து நெட்ல போடணும்" என்று. நான் "பாப்போம்" என்று வைத்தேன். நீ அதைச் சம்மதம் என்று நினைத்திருப்பாய். கோபத்தில் சொன்ன சொல் அது, அவ்வளவுதான். முதலில் எங்களைப் பயமுறுத்தி வீட்டுக்குள் வைத்தாய். இப்போது அதே ஆளுக்குப் பக்கத்தில் எங்களைச் சிரிக்கவைத்து உலகத்துக்குக் காட்டப்போகிறாய். நாளைக்கு எவனாவது அந்தப் படத்தைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டால், யாரோ என்பாயா?

நீ கட்டப்போகும் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்த பிள்ளை, என்னோடு போனில் பேசும்போது மரியாதையாகப் பேசுகிறாள். அவளிடமும் இதைச் சொல்லிவிடு. நீ என்ன வேலை செய்து சம்பாதித்தாய் என்று தெரிந்துகொண்டு அவள் உன் கையைப் பிடிக்கட்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். வேனை அனுப்பு, ஆனால் அதில் நீயும் வா. சாரும் வேண்டாம், கெமராவும் வேண்டாம். சஞ்சிகை அச்சுக்குப் போகும் முன் வா, இதை அவள் இன்னொருவர் வாயால் கேட்கவேண்டாம். நம் வீட்டுக்கு வராதே, நேரே பெரியம்மா காம்பராவுக்குப் போ. அவள் முன்னால் கீழே உட்கார்ந்து, அதை எழுதியது நான்தான், பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று உன் வாயால் சொல். கேள்விக்குறி போடாமல் சொல். அவள் அடிக்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம், ஒன்றும் பேசாமல் உனக்குத் தேத்தண்ணி ஊற்றியும் கொடுக்கலாம். கொடுப்பதை வாங்கிக்கொள். அடுத்த தேர்தலுக்கு லீவு போட்டுவிட்டு வந்து பாடசாலை வரைக்கும் அவளைக் கூட்டிப்போவதாகச் சொல். அவள் நம்பமாட்டாள். நம்பும்வரை சொல்லிக்கொண்டே இரு.

அதற்குப் பிறகு வெளியே வந்து வேன் கதவைத் திற. நானும் உன் அப்பாவும் வெளுத்த துணி கட்டிக்கொண்டு ரோட்டோரமாகத்தான் நிற்போம். அவள் ஏறினால் நாங்களும் ஏறுவோம்.

அம்மா